பர்மனன்ட்டுக்கு ஒரு லட்டு

இந்த மொழிபெயர்ப்பு ஆபீசில் சேர்ந்த முதல் வாரத்திலேயே உங்கள் கையில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப்பைக் கொடுத்திருப்பார்கள். "மேற்கண்டவை தமிழில் படித்துக் காட்டி விளக்கப்பட்டன, கையொப்பமிட்டவர் புரிந்துகொண்டு கையொப்பமிட்டார்" என்று ஆங்கிலத்தில் இரண்டு வரி இருக்கும். அதற்குக் கீழே நம் கையெழுத்து. வெளிநாட்டில் வேலைக்குப் போய் அங்கேயே தங்க நினைப்பவர்கள், இங்கே இருக்கும் அவர்களுடைய அப்பா அம்மா, புருஷன் பெண்டாட்டி என்று எத்தனையோ பேருக்கு இருபத்தெட்டு வருஷம் அந்த ஸ்டாம்ப்பைக் குத்தியவள் நான். மொழிபெயர்ப்பை உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, என்னைவிட நன்றாகவே செய்கிறீர்கள். நான் எழுத வந்தது "புரிந்துகொண்டு" என்ற அந்த ஒரு சொல்லைப் பற்றி.

எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவர் திருநெல்வேலிக்காரர். எதையும் படித்துக் காட்டி முடித்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, எதிரே இருப்பவரிடம், "என்ன வெளங்குச்சு? சொல்லும் பாப்போம்" என்பார். அறுபது வயதுப் பெரியவரானாலும் சரி, பெரிய மில்லின் சொந்தக்காரரானாலும் சரி, அவர் வாயால் திருப்பிச் சொன்னால்தான் ஸ்டாம்ப் இறங்கும். எனக்கு உடம்பு கூசும். நான் உடுமலைப்பேட்டைக்காரி. வீட்டுக்கு வந்தவரிடம் "சாப்பிட்டீர்களா" என்று கேட்கவே நாலு 'ங்க' போடுகிற ஊரில் பிறந்தவள். பெரியவர்களை நிற்க வைத்துப் பாடம் ஒப்பிக்கச் சொல்வதாவது! அவர் ஓய்வு பெற்றுப் போன மறுநாளே அந்த வழக்கத்தை நான் கைவிட்டேன். படித்துக் காட்டுவேன், "சரிங்களா?" என்பேன், அவர்கள் "சரிங்க" என்பார்கள், ஸ்டாம்ப் விழும். கூட்டமும் சீக்கிரம் கலையும். எனக்கு நல்ல பெயர்.

அந்த நல்ல பெயரோடு இருந்த காலத்தில்தான் சக்திவேல் வந்தார்.

வெள்ளகோவில்காரர். காங்கேயம் பக்கம் ஓர் எண்ணெய் மில்லில் ஃபிட்டர். நாற்பது வயதிருக்கும். மனைவி ரேவதி நியூசிலாந்தில் நர்ஸ், போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது. ஒரே மகள் யாழினி, பத்து வயது. அப்பாவிடமும் அவினாசியில் இருக்கும் அம்மாயி, அதாவது ரேவதியின் அம்மா வீட்டிலுமாக வளர்ந்துகொண்டிருந்தாள். ரேவதிக்கு அங்கே நிரந்தரமாகக் குடியேற விண்ணப்பிக்கும் வாய்ப்பு வந்திருந்தது. மகளையும் சேர்த்துக் கேட்டிருந்தாள். அப்பாவின் சம்மதக் கடிதம் வேண்டும் என்று அங்கிருந்து கடிதம் வந்து, பதில் அனுப்பக் கடைசி நாளும் குறித்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை.

சக்திவேல் வந்தது செவ்வாய்க்கிழமை. கையில் ஒரு லட்டுப் பெட்டி. வாசலில் இருந்த வாட்ச்மேன் முதற்கொண்டு எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டே வந்தார்.

"எடுத்துக்கோங்க மேடம். ஊட்டுக்காரிக்கு அங்க பர்மனன்ட் ஆகுதுங்க. மில்லுலயும் அல்லாருத்துக்கும் குடுத்துட்டுத்தான் வாரனுங்க."

நானும் எடுத்துக்கொண்டேன். நல்ல நெய் லட்டு. அதைத் தின்றுகொண்டேதான் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "என் மகள் யாழினி தன் தாயுடன் நியூசிலாந்தில் நிரந்தரமாகக் குடியமர்வதற்கு எனக்கு எவ்வித ஆட்சேபணையும் இல்லை." அவர் கைகளைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் முன்னால் நிற்பதைப்போலக் கேட்டார்.

"சரிங்களா?"

"சரிங்க." கொஞ்சம் தயங்கி, "லீவுக்கு வருமுங்கள்ல?" என்றார்.

அந்த இடத்தில் எனக்கு ஒரு முள் குத்தியது. பொய் சொல்ல விரும்பவில்லை, குத்தத்தான் செய்தது. ஆனால் வெளியே பெஞ்சில் பதினோரு பேர் காத்திருந்தார்கள். "வருமுங்க, லீவுக்கு வராம இருக்குமா" என்று சொல்லிவிட்டு ஸ்டாம்ப்பை எடுத்தேன். பக்கத்துக் கட்டடத்து நோட்டரியும் கையெழுத்துப் போட்டார். ஸ்கேன் அன்றைக்கே ரேவதிக்குப் போய்விட்டது.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஆபீஸ் போன் அடித்தது.

"ஏனுங்க மேடம், சக்திவேல் பேசறனுங்க. ஒரு சின்ன சந்தேகமுங்க. பாப்பாவுக்கு ஸ்கூல்ல டி.சி. வாங்கோணுங்களா, லீவு லெட்டர் குடுத்தாப் போதுமுங்களா? ஒரு வருசம் கழிச்சுத் திரும்பி வந்தா சீட்டு இருக்குமான்னு ஹெச்.எம். கேக்கறாருங்க."

"ஒரு வருசம்னு யாருங்க சொன்னாங்க?" என்றேன்.

"யாரும் சொல்லலீங்க. அவளுக்கு வேல பர்மனன்ட் ஆயிருச்சுன்னா குவாட்டர்ஸ் அது இதுன்னு குடுப்பாங்கள்ல, பாப்பா ஒரு வருசம் அம்மாகூட இருந்துட்டு வரட்டும்னுதானுங்க..."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மில்லில் தற்காலிகமாக இருப்பவர்களை வேலையில் உறுதி செய்தால் அதற்குப் பெயர் பர்மனன்ட். அவரே பத்து வருஷம் காத்திருந்து பர்மனன்ட் ஆனவர். ரேவதி போனில் "எனக்கு பர்மனன்ட் ஆகப்போகுதுங்க" என்று சொன்னதும் அந்த அர்த்தத்தில்தான் எடுத்துக்கொண்டு லட்டு வாங்கியிருக்கிறார். நான் படித்துக் காட்டிய "நிரந்தரம்" அவருக்கு ஒரு விண்ணப்பப் பாரத்துச் சொல். நம் ஊரில் எந்தப் பாரத்திலும் நிரந்தர முகவரி என்றால் சொந்த ஊர் வீடுதானே? அந்த வீடு வெள்ளகோவிலில் பத்திரமாக இருக்கும்போது அவர் எதற்குப் பயப்பட வேண்டும்?

மகளை ஒரு வருஷத்துக்கு அனுப்புவதாக நினைத்து, மகளை மொத்தமாக அனுப்புவதற்குக் கையெழுத்துப் போட்டிருந்தார். அவர் புரிந்துகொண்டுதான் போட்டார் என்று அதற்குக் கீழே நான் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

"நீங்க உடனே கெளம்பிக் கோயமுத்தூர் வாங்க" என்றேன். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "சரிங்க" என்றார்.

ரேவதியிடமிருந்து நள்ளிரவிலேயே ஒரு குரல் செய்தி வந்திருந்தது. "அக்கா, பேப்பர் கெடச்சுதுங்க. இன்னைக்கு ட்யூட்டி முடிஞ்சதும் பஸ்ல போறப்பவே ஆன்லைன்ல ஏத்தி உட்டர்றனுங்க." அவளுக்கு ட்யூட்டி முடிவது அங்கே சாயங்காலம் ஏழரை மணிக்கு, நம் கணக்கில் மதியம் ஒன்று. அதுவரை போன் லாக்கரில் இருக்கும். "அந்தக் கடிதத்தை ஏற்ற வேண்டாம், என்னைக் கூப்பிடுங்கள்" என்று செய்தி அனுப்பினேன். ஒற்றை டிக்.

நம் முதலாளியிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் என்னைவிட இருபது வயது சின்னவர், கெட்டவர் இல்லை. "அக்கா, அவரு கையெழுத்துப் போட்டாரு. நோட்டரி பாத்துட்டாரு. நீங்க படிச்சும் காட்டிட்டீங்க. இதுக்கு மேல புருஷன் பொண்டாட்டி சமாச்சாரம். நாளைக்குத் தேதி முடியுது. இப்பக் கலச்சு உட்டா அந்தப் பொண்ணோட ஆறு வருச உழைப்பு போயிரும். அவங்க நம்மளத்தான் கேப்பாங்க" என்றார்.

அவர் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. கடிதத்தைத் தடுத்தால் ரேவதிக்குப் பாதகம், விட்டுவிட்டால் சக்திவேலுக்குப் பாதகம். நாம் ஊமையாக இருந்தால் யாருக்கும் தெரியாது. இந்தத் தொழிலில் நெருக்கடி என்பது எப்போதும் இப்படித்தான் வரும், இரண்டு பக்கமும் நம்மை நம்பிய மனிதர்கள் நிற்பார்கள். நான் ரொம்ப நேரம் யோசிக்கவில்லை, யோசித்தால் முதலாளி பக்கம் சாய்ந்துவிடுவேன் என்று தெரியும். கூரியர் தட்டில் இருந்த அசல் கடிதத்தை எடுத்து, என் கையெழுத்தின் குறுக்கே கோடு போட்டு, "படித்துக் காட்டப்பட்டது, புரிந்துகொள்ளப்படவில்லை" என்று எழுதித் தேதி போட்டேன். முதலாளி எழுந்து போய் ஃபேனைக் கூட்டி வைத்தார்.

பிறகு காத்திருப்புதான். பத்தே முக்காலுக்குச் சக்திவேல் போனில் "பல்லடம் வந்துட்டனுங்க" என்றார். பதினொன்றரைக்கு "சூலூர்ல வண்டி நிக்குதுங்க, டிராபிக்கு" என்றார். செய்தியில் இன்னும் ஒற்றை டிக்தான். சிங்காநல்லூரில் இறங்கி ஆட்டோ பிடித்து அவர் வந்து சேரும்போது பன்னிரண்டே முக்கால். கையில் ஒரு பை முருங்கைக்காய். என்ன விஷயம் என்று தெரியாமல், தொண்ணூறு கிலோமீட்டர் பதறிக்கொண்டு வந்த மனிதர், வெறுங்கையோடு வரக்கூடாது என்று முருங்கைக்காய் பறித்துக்கொண்டு வந்திருக்கிறார். அதைப் பார்த்ததும் எனக்கு என்மீதே அப்படி ஒரு கோபம் வந்தது.

உட்கார வைத்தேன். இந்த முறை கடிதத்தைப் படிக்கவில்லை. மடித்து வைத்துவிட்டுச் சொன்னேன்.

"சக்திவேலுங்க, பர்மனன்ட்டுன்னா வேல பர்மனன்ட் ஆறது இல்லீங்க. அந்த நாட்டுலயே குடியிருக்கறதுக்கு அனுமதிங்க. ரேவதி அங்கயே இருந்துக்கறாங்க. பாப்பாவும் அங்கயே இருந்துக்கும். படிப்பு, வேல, அல்லாம் அங்கதான். இங்க வந்தா லீவுக்கு வர்றதுதானுங்க."

"சரிங்க" என்றார்.

திருநெல்வேலிக்காரரை நினைத்துக்கொண்டேன். கண்ணாடியைக் கழற்றி வைத்தேன். "எனக்கு 'சரிங்க' வேண்டாமுங்க. உங்களுக்கு என்ன புரிஞ்சுதுன்னு நீங்க சொல்லுங்க, நான் கேட்டுக்கறேன்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன். அறைந்துவிட்டேனோ என்று தோன்றியது. அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. ரேவதி, வீடியோவில். சீருடையை மாற்றக்கூட இல்லை, பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தாள். குளிரில் மூக்கு சிவந்திருந்தது.

"அக்கா, ஏத்த வேண்டாம்னு போட்டிருக்கீங்க, என்னாச்சுங்க? நாளைக்குக் கடைசி நாளுங்களே!"

"உங்க ஊட்டுக்காரர் இங்கதான் இருக்கார். அவர் சொல்றத நீங்களும் கேளுங்க" என்று சொல்லிப் போனை மேசைமேல் தண்ணீர் ஜக்கில் சாய்த்து வைத்தேன்.

சக்திவேல் முருங்கைக்காய்ப் பையின் காதைத் திருகிக்கொண்டே மெல்ல ஆரம்பித்தார். "பாப்பா போகுதுங்க. அங்க ஸ்கூலுக்குப் போகுமுங்க. அப்பறம் காலேஜும் அங்கதானுங்க. வயசுக்கு வந்தாலும் அங்கதான், கல்யாணம் காச்சின்னாலும் அங்கதானுங்க. நான் இங்க மில்லுல இருப்பனுங்க. அது லீவுக்கு வருமுங்க, விருந்தாளியாட்ட." கொஞ்சம் நிறுத்தினார். "அப்பறம் லீவும் கொறஞ்சுக்குமுங்க."

"நான் உங்ககிட்டக் கேட்டனுங்களே" என்றாள் ரேவதி. "பர்மனன்ட்டுக்குப் போடறேன், பாப்பாவையும் சேத்துக்கறேன்னு சொன்னப்ப சரின்னுதானுங்களே சொன்னீங்க?"

"நீ வேலன்னு நெனச்சுப்போட்டேன் அம்மணி."

"உங்களையும் வாங்கன்னு எத்தன தடவ கூப்புட்டேன்? 'பாக்கலாம், பாக்கலாம்'னே சொல்லீட்டிருந்தீங்க. நான் அத வர மாட்டேன்னு எடுத்துக்கிட்டேன்."

"பாக்கலாம்னா பாக்கலாம்னுதான் சொன்னேன். அங்க வந்து நான் என்ன பண்ணுவேன்னு பயமா இருந்துச்சு. அத எப்பிடிச் சொல்றதுன்னு தெரியல."

ரேவதிக்குப் பின்னால் ஒரு பஸ் வந்து நின்று போயிற்று, அவள் ஏறவில்லை. "நீங்க லட்டு போட்டோ அனுப்புனப்பவே தெரிஞ்சுதுங்க, தப்பாப் புரிஞ்சுட்டீங்கன்னு" என்றாள். "திருத்தத் தைரியம் வரலீங்க. நேராச் சொன்னா வேண்டாம்னுருவீங்கன்னு பயந்துட்டேன்."

சக்திவேல் போனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "எம் பொண்ண அனுப்ப மாட்டேன்" என்றார்.

அவ்வளவுதான். ஒரு 'ங்க' இல்லை. அந்த மனிதர் வாயிலிருந்து 'ங்க' இல்லாமல் என்னை நோக்கி வந்த ஒரே வாக்கியம் அது. முழுசாகப் புரிந்துகொண்டவரின் பேச்சு எப்படி இருக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

பிறகு ரேவதி சொன்னாள்: "சரிங்க."

பழைய ஆளாக இருந்தால் நான் அதோடு விட்டிருப்பேன். "சரிங்கன்னா என்ன ரேவதி? எனக்கு வெளங்கறாப்பல சொல்லுங்க" என்றேன். அந்த நிலைமையில் அவளைக் கேட்டது கொடுமைதான். கேட்காமல் இருந்தால் அதைவிடக் கொடுமை.

கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஆறு வருசமுங்கக்கா. நைட் ட்யூட்டி பாத்து, அவங்க பரீட்சைய ரெண்டு தடவ எழுதி, இந்த எடத்துக்கு வந்திருக்கேன். இத உட்டுட்டு வர என்னால ஆகாதுங்க. பாப்பா பேர எடுத்துருங்க. நான் மட்டும் பர்மனன்ட் ஆயிக்கறேன்."

நான் ஒரே ஒரு விஷயத்தில்தான் குறுக்கிட்டேன். பெயரை அடியோடு எடுத்துவிட்டால் பிற்காலத்தில் மகளைச் சேர்ப்பது பெரும்பாடு. "மகள் உண்டு, இப்போதைக்கு உடன் வரவில்லை" என்று எழுதலாம், கதவு சாத்தாமல் இருக்கும் என்று இருவருக்கும் விளக்கினேன். இருவரையும் திருப்பிச் சொல்ல வைத்தேன். சொன்னார்கள். புதிய கடிதம் தயாராகி, சக்திவேல் கையெழுத்துப் போட்டு, அன்று மூன்று மணிக்கு ஸ்கேன் போயிற்று. தேதி தப்பவில்லை. முதலாளி என்னிடம் இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை, மூன்றாம் நாள் தானாகவே டீ வாங்கிக் கொடுத்தார்.

உண்மையைச் சொன்னால் எல்லாம் நல்லபடியாக முடியும் என்று நான் உங்களுக்குக் கதைவிட வரவில்லை. அன்று ஒரு தாய் தன் வாயால் மகளின் பெயரை எடுக்கச் சொன்னாள். அதைக் கேட்டுத் தட்டச்சு செய்தது இந்தக் கைதான். வீட்டுக்குப் போய் அந்த முருங்கைக்காயைச் சாம்பாரில் போட்டுவிட்டு ஒரு வாய் சாப்பிட முடியாமல் அழுதேன். செவ்வாய்க்கிழமையே அந்த "லீவுக்கு வருமுங்கள்ல" என்ற கேள்வியில் நான் நின்றிருந்தால், அவர்கள் இருவருக்கும் பேசிக்கொள்ள மூன்று நாளாவது கிடைத்திருக்கும். பஸ் நிறுத்தத்தில் நின்று முடிவெடுக்க வேண்டியிருக்காது. அந்த மூன்று நாளைத் தின்றவள் நான், லட்டோடு சேர்த்து.

நம் ஊர் மரியாதை அழகானதுதான், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நம் ஆட்கள் 'சரிங்க' என்றால் சம்மதமாக இருக்கலாம், கேட்டுக்கொண்டேன் என்பதாக இருக்கலாம், மறுத்துப் பேசினால் உங்கள் மனம் நோகுமே என்பதாகவும் இருக்கலாம். ஸ்டாம்ப்புக்கு இந்த வித்தியாசம் தெரியாது. உங்களுக்குத் தெரிந்தாக வேண்டும். கூச்சமாக இருந்தால் கூச்சத்தோடே கேளுங்கள்.

நான் ஓய்வு பெற இரண்டு மாதம் இருக்கும்போது சக்திவேல் மறுபடி வந்தார். கையில் பெட்டியும் இல்லை, பையும் இல்லை. "லட்டு எங்கீங்க?" என்று கேட்டுவிட்டேன், நாக்கு சும்மா இருக்காதே.

"இன்னும் ஒண்ணும் ஆகலீங்களே மேடம்" என்று சிரித்தார். முழுப் பரீட்சை லீவுக்கு அவரும் யாழினியும் ஒரு மாதம் ரேவதியிடம் போய்வர விசா விண்ணப்பம் போட வேண்டும் என்றார். "பாக்கலாம், பாக்கலாம்னு ஆறு வருசமாச் சொன்னனுங்களே, அதான் பாத்துட்டு வரலாம்னுங்க."

விண்ணப்பத்தை ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டினேன். இந்த முறை நான் கேட்காமலே ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னார். நிரந்தர முகவரி என்ற இடம் வந்தது. வெள்ளகோவில் வீட்டு முகவரியைச் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். பின்கோடு வரை சொல்லிவிட்டு நிறுத்தினார்.

"ஏனுங்க மேடம், ரேவதி இப்ப இந்த எடத்துல எந்த அட்ரஸ் எழுதுவாளுங்க?"

அவளுடைய பழைய பாரங்களில் எல்லாம் இதே வெள்ளகோவில் வீடுதான் இருந்தது. புதிதாக எதையும் நான் பார்க்கவில்லை.

"அத அவங்ககிட்டயே நேராக் கேளுங்க" என்றேன்.

"சரிங்க" என்றார்.

நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்தேன். அவருக்கு உடனே புரிந்தது. சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"போயி எறங்குனதும் கேக்கறனுங்க."